பனியில் ஹைபிரிட் மைலேஜ்: கிரில்லை அடைப்பதா, பிளாக் ஹீட்டரா?

கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 25 டிகிரியில் டொயோட்டா பிரியஸ் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்) ஓட்டுபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: குளிர்காற்று இன்ஜினுக்குப் போகாமல் கார் முகப்பிலுள்ள கிரில்லை அடைப்பதா, கரண்டில் இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் போடுவதா? கேபின் ஹீட்டர் போட்டுவிட்டால் அதற்குச் சூடு தர, சிக்னலில் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் போவது அங்கேதான்.

செலவு: கிரில்லை அடைக்கக் குழாய் உறை ஃபோம் போதும், சில டாலர்தான்.
பிளாக் ஹீட்டருக்குப் பொருத்தும் கூலி, கரண்ட் எல்லாம் உண்டு.

பலன்: ஃபோம் ஓடும்போது சூட்டைக் காக்கும், அவ்வளவுதான்.
பிளாக் ஹீட்டரோ கிளம்பும் முன்பே இன்ஜினைச் சூடாக்கிவிடும். இரவு முழுக்க வேண்டாம், 2, 3 மணி நேரம் போதும்.

தொல்லை: வெயில் வந்ததும் ஃபோமை எடுத்துவிடுங்கள், கீழ்க் கிரில்லை முழுசாக அடைக்கவே அடைக்காதீர்கள், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் சூடாகாமல் இருக்க அதற்கும் காற்று வேண்டும்.
ஹீட்டருக்கு நிறுத்துமிடத்தில் பிளக் வேண்டும்.

தினமும் 5 கிலோமீட்டர் ஓட்டம்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹீட்டர். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் என்றால் ஃபோமே போதும்.