ரஸ்ஸல் அருங்காட்சியகம், கிரேட் ஃபால்ஸ்: ஒரு மாட்டு டாக்டர் போய்ப் பார்த்தது

மகள் கனடாவில் லெத்பிரிட்ஜில் இருக்கிறாள். போன பனிக்காலத்தை அவள் வீட்டில்தான் கழித்தேன். ஜனவரியில் ஒரு நாள், காலையில் எல்லாம் உறைந்து கிடந்தது. மத்தியானம் பார்த்தால் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார். "சினூக் வந்துருச்சுப்பா" என்றாள் மகள். மேற்கே மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறிவிடும் காற்றுக்கு அங்கே அந்தப் பெயர்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் ஸ்லைடு போட்டார். பனியில் கூன் விழுந்து நிற்கும் ஒரு மாடு, சுற்றிலும் ஓநாய்கள். "இந்த மாட்டின் உடல் நிலைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?" என்று கேட்டார். ஒன்று என்றோம். "படத்தின் பெயர் 'சினூக்குக்காகக் காத்திருத்தல்'. வரைந்தவன் கௌபாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நாற்பது வருடம் கழித்து அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது. ஏப்ரலில் மருமகனை விரட்டி காரை எடுக்க வைத்தேன். கூட்ஸ் என்ற ஊரில் எல்லையைத் தாண்டினால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். அங்கிருந்து நேராகத் தெற்கே போனால் கிரேட் ஃபால்ஸ், அந்த மாட்டை வரைந்த ரஸ்ஸலின் அருங்காட்சியகம் இருக்கும் ஊர். எல்லையில் நின்ற நேரத்தைச் சேர்க்காமல் மூன்று மணி நேரப் பயணம்.

சார்லஸ் எம். ரஸ்ஸல் 1864-ல் செயின்ட் லூயிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. பதினாறு நிறைவதற்கு முன்பே, 1880-ல், மொன்டானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் ஆடு மேய்த்தார், அது ஒத்துவரவில்லை. பிறகு ஜேக் ஹூவர் என்ற வேட்டைக்காரரோடு மலையில் இரண்டு வருடம். தோலுரிக்கிற இடத்தில் கூட இருந்தவன் விலங்குகளின் தசையை எந்தக் கல்லூரியிலும் போய்க் கற்க வேண்டியதில்லை.

1882-ல் ஜூடித் பள்ளத்தாக்கில் மாடு திரட்டும் கூட்டத்தில் சேர்ந்தார். கிடைத்தது ராக்காவல் வேலை. பகலில் மற்றவர்கள் மாறி மாறி ஏறும் குதிரைகளை இரவில் மேயவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், இலையுதிர் காலத்தில் மாட்டு மந்தைக்கும் இரவுக் காவல். சுருக்குக்கயிறு வீசுவதிலும் குதிரை ஏறுவதிலும் தான் பெரிய கெட்டிக்காரன் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இப்படிப் பதினோரு வருடம் ஓடியது. பகல் கையில் இருந்ததால் வரைய நேரம் கிடைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அந்த இரவுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ராத்திரி தொழுவத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், இருட்டில் மாட்டின் நிறம் தெரியாது, நிற்கிற விதம்தான் தெரியும். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மிரளப் போகிறதா படுக்கப் போகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ரஸ்ஸல் வரைந்த குதிரைகளில் அது இருக்கிறது. ஒரு குதிரையாவது நான்கு காலிலும் சமமாக, மேசை மாதிரி நிற்கிறதா என்று கூடம் கூடமாகத் தேடினேன். நான் பார்த்தவற்றில் இல்லை.

அந்த மாட்டுக்கு வருகிறேன். 1886 கோடையில் மழை இல்லை. அளவுக்கு மீறி மாடுகளை விட்டதில் மேய்ச்சல் நிலம் மொட்டையாகிக் கிடந்தது. அதன்மேல் பனி விழுந்தது. நடுவில் கொஞ்சம் இளகி, மறுபடி உறைந்து, மேலே ஐஸ் ஓடு கட்டிவிட்டது. குதிரை குளம்பால் பனியைப் பறித்துப் புல்லை எடுத்துவிடும். காட்டெருமை (அமெரிக்க பைசன்) பெரிய தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பனியை ஒதுக்கும். மாட்டுக்கு இரண்டும் வராது, மூக்கால்தான் தள்ளும். ஐஸ் ஓட்டில் மூக்கு கிழியும், புல் கிடைக்காது. கூட்டம் கூட்டமாகச் செத்தன. மொன்டானாவின் தலைநகர் ஹெலனாவில் இருந்த முதலாளி மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்த மேஸ்திரிக்கு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்த ரஸ்ஸல் தபால் அட்டை அளவுத் தாளில் நீர்வண்ணத்தில் அந்த மாட்டை வரைந்து கொடுத்தார், அதுவே பதிலாகப் போனது. இடுப்பெலும்பு இரண்டும் துருத்தி, முதுகு வளைந்து, விலாவில் முதலாளியின் சூட்டுக்குறி. குளிரில் பட்டினி கிடக்கும் மாடு அப்படித்தான் நிற்கும். வறட்சிக் காலங்களில் அந்த முதுகு வளைவை நான் நிறையப் பார்த்து, மேலே நாலு பக்க அறிக்கைகள் அனுப்பியிருக்கிறேன். ஒன்றையாவது யாராவது படித்தார்களா என்பது வேறு கதை.

அந்த மூலப்படம் மொன்டானா மாடு வளர்ப்போர் சங்கத்துடையது, இந்த அருங்காட்சியகத்துடையது அல்ல. அதை மட்டும் பார்க்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ரஸ்ஸல் குடித்துப் பழகிய 'மின்ட்' மதுக்கடையில் தொங்கிய படங்களும் இங்கே இல்லை. அவை 1952-ல் விலைபோய் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்துக்குப் போய்விட்டன.

இருப்பதில் என்னை நிறுத்தி வைத்தது 1912-ல் வரைந்த 'ஜெர்க்லைன்'. சரக்கு வண்டியை இழுக்கும் குதிரைப் படை. ஓட்டுபவர் வண்டியில் இல்லை, சக்கரத்தை ஒட்டிய குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை குதிரைகளுக்கும் சேர்த்து ஒரே கயிறு, முன்னால் போகும் குதிரைக்கு. ஒரே சீராக இழுத்துப் பிடித்தால் இடது, வெட்டி வெட்டி இழுத்தால் வலது. மருமகன் "மாமா, இதுல என்ன இருக்கு?" என்றான். சேணத்தில் எந்த வார் இறுகியிருக்கிறது, எது தொய்ந்திருக்கிறது என்று காட்டினேன். எந்தக் குதிரை உண்மையில் இழுக்கிறது, எது சும்மா கூட நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு முன்னால் அவன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

1918-ல் வரைந்த 'ஃபயர்போட்' இன்னொரு நல்ல படம். மேட்டின் மேல் குதிரைகளோடு பூர்வகுடிகள், கீழே ஆற்றில் நீராவிப் படகு. படகு பொடியாகத்தான் தெரிகிறது. துப்பாக்கி வெடித்து, குதிரை துள்ளி, ஆள் தூக்கி எறியப்படும் படங்கள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டன. கையில் வேகம் இருக்கிறது, வாங்குபவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். கடைசிக் காலத்து வானங்களில் ஊதா கொஞ்சம் தூக்கல்.

கட்டடத்தை ஒட்டியே அவர் வீடும், 1903-ல் கட்டிய மரக்குடில் பட்டறையும் இருக்கின்றன. குடிலைக் கட்டியிருப்பது தந்திக்கம்பம் மாதிரி நடுகிற சிடார் மரத் தொலைபேசிக் கம்பங்களால். உள்ளே சேணம், கயிறு, பூர்வகுடிகளின் உடைகள் எல்லாம் வரைவதற்குப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த சாமான்கள். கணப்பில் நண்பர்களுக்குச் சமைத்தும் போடுவாராம். பேசிக்கொண்டே சட்டைப்பையில் இருக்கும் தேன்மெழுகை உருட்டி மானோ கரடியோ செய்துவிடும் பழக்கமும் இருந்தது. அந்தச் சின்ன உருவங்களை அவசரப்படாமல் பாருங்கள். காட்டெருமைக்கென்று தனிக் காட்சியும் உண்டு. அவர் கையெழுத்தோடு காட்டெருமை மண்டையோட்டை ஏன் போட்டார் என்பது அங்கே போனால் புரியும்.

வீட்டைப் பார்க்கும்போது அவர் மனைவி நான்சியை நினைக்காமல் இருக்க முடியாது. 1896-ல் கல்யாணம், அவருக்கு 32, அந்தப் பெண்ணுக்கு 18. குடித்த சரக்குக்குப் படத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரின் வரவுசெலவைக் கையில் எடுத்து, விலையை ஏற்றி, 1911-ல் நியூயார்க் கண்காட்சி வரை கொண்டுபோனது நான்சிதான். அடுத்த வருடம் ஹெலனாவில் மாநிலச் சட்டமன்றத்துக்கு 25 அடி அகல ஓவியம், 5,000 டாலர். அதை நிறுத்தப் பட்டறையின் கூரையையே உயர்த்த வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. இங்கே வருவதற்கு முன்பே மருமகன் எனக்காக இணையக் கடை ஒன்றில் ரஸ்ஸலின் 1925-ஆம் வருடப் படம், 'சிரிப்பு தனிமையைக் கொல்லும்', கேன்வாஸ் நகலாக வாங்கினான். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்த கௌபாய்கள், தீ ஓரத்தில் ரஸ்ஸலே நிற்பார். வந்த நகலில் இரவு முழுக்கத் தார் பூசியது போல் கறுப்பு, ஆட்கள் முகம் எல்லாம் பூசணிப் பழம். திருப்பி அனுப்ப மூன்று மின்னஞ்சல் ஆயிற்று. அருங்காட்சியகக் கடையில் வாங்கிய சின்ன அட்டையில் நிறம் சரியாக இருக்கிறது. அட்டையே போதும்.

1926 அக்டோபர் 24-ல் ரஸ்ஸல் இறந்தார். கார் பிடிக்காத மனிதர், அதனால் உடலைக் குதிரை வண்டியில்தான் கொண்டுபோனார்கள். கல்லறை இதே ஊரில் ஹைலேண்ட் மயானத்தில். மகள் வேண்டாம் என்றதால் போகவில்லை.

ஐந்துக்கு நாலரை. அரை நாள் ஒதுக்குங்கள், குழந்தைகளைக் காட்டெருமைக் கூடத்தில் விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள். முடிந்தால் அங்கிருந்து 90 மைல் ஓட்டி ஹெலனாவுக்கும் போய்விடுங்கள். பெரிய ஓவியம் பிரதிநிதிகள் அவையில் சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. மேற்கே வழி தேடிப் போன அமெரிக்க ஆய்வுப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் ஓரமாக நிற்க, நடுவில் குதிரைகளும் பூர்வகுடிகளும்தான். ஒற்றைப்படை வருடங்களில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சட்டமன்றம் கூடும். நாங்கள் போனது இரட்டைப்படை வருடம், அவை காலியாக இருந்தது.