வடுவுக்குக் காரணம் ஃபைப்ரோபிளாஸ்டா, மேக்ரோஃபேஜா?

ஆறிய பழைய காயத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே மயிர் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. அந்த இடத்தின் வலிமையும் நல்ல தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

வடுவின் கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசு செல். காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடுவதும் அதன் உருமாறிய வடிவம்தான். தோல் இழுபடுவதை உணர்ந்தே அது வடு போடும் வேலையில் இறங்குகிறது. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், கண் நோய்க்குப் பயன்படும் வெர்ட்டிபோர்ஃபின் மருந்தால் எலிகளில் அந்த உணர்வைத் தடுத்தார்கள். காயம் ஆறிய இடத்தில் மயிர்க்கால்களும் சுரப்பிகளும் முளைத்தன! இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கமே வரவில்லை. தீக்காய வடுவால் கை மடங்காமல் தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேக்ரோஃபேஜ் நோயெதிர்ப்பு செல். கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்குகிறது, டி.ஜி.எஃப். பீட்டா போன்ற புரதங்களைச் சுரந்து ஃபைப்ரோபிளாஸ்டைத் தூண்டுகிறது. அப்படியானால் அதை நீக்கிவிடலாமே? மேக்ரோஃபேஜ் இல்லாத எலிக்குட்டிகளின் காயம் வடுவின்றி ஆறியது உண்மைதான். ஆனால், வெட்டிய காலை முழுதாக வளர்த்துக்கொள்ளும் மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் உயிரியிடமிருந்து மேக்ரோஃபேஜ்களை நீக்கியபோது, கால் முளைக்கவில்லை, வடுதான் மிஞ்சியது. இதை 2013இல் கண்டறிந்தார்கள்.

ஆகவே, சிகிச்சைக்கு எதைக் குறிவைப்பது என்று கேட்டால், ஃபைப்ரோபிளாஸ்டையே சொல்வேன். மேக்ரோஃபேஜை அடக்கினால் கிருமித் தொற்றுக்கும் வழி திறந்துவிடும்.