பெட்டி போடும் இயந்திரமும் ஒரு பம்ப் மெக்கானிக்கும்: சாங்கியில் ஏழெட்டு வருட அனுபவம்

வேலை விஷயமாக அடிக்கடி பறப்பவர்கள் ஒரே ஒரு கைப்பெட்டியோடு போய்விட்டு வர வேண்டும் என்று பார்ப்பவர்கள் எல்லாம் புத்தி சொல்கிறார்கள். எனக்கு அது வாய்க்காது. தொழிற்சாலைப் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. என் பெட்டியில் துணி மூன்று செட் இருந்தால் அதிகம். மீதி எல்லாம் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், பிரஷர் கேஜ், ரப்பர் சீல். இத்தனை கருவியைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள். ஆகவே மாதம் இரண்டு முறை, சில மாதம் மூன்று முறை, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நான் பெட்டி போட்டே, அதாவது சரக்கறையில் ஏற்றக் கொடுத்தே, ஆக வேண்டும். ஜகார்த்தா, சென்னை, பெர்த் இந்த மூன்றும்தான் பெரும்பாலும்.

பெட்டியை நாமே போடும் இயந்திரத்தை முதலில் ஒழுங்காகப் பயன்படுத்தியது 2018இல், நாலாம் முனையத்தில். அந்த முனையம் 2017 அக்டோபர் 31ஆம் தேதிதான் திறந்தது. ஆள் இல்லாமலே போர்டிங் பாஸ், ஆள் இல்லாமலே பெட்டி, முகத்தைப் பார்த்து அடையாளம் என்று அப்போது பெரிய பேச்சு. எனக்கு அது பிடிக்கவே இல்லை. கவுண்டரில் மனுஷரிடம் "கொஞ்சம் கூடுதலா இருக்கு, பார்த்து விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இயந்திரத்திடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுவது? தொற்றுக் காலத்தில் இரண்டு வருடம் பயணமே இல்லை. அது முடிந்து பறக்க ஆரம்பித்தபோது எல்லா முனையங்களிலும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. 2023 நவம்பரில் இரண்டாம் முனையம் முழுசாகத் திறந்தபின் கவுண்டர் வரிசையில் நிற்பதையே விட்டுவிட்டேன்.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தானே எல்லாரும் கேட்கிறார்கள். பெட்டி தயாராக இருந்தால், இயந்திரத்தின் முன்னால் நான் நிற்பது ஒன்றரை நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. பெட்டி தயாராக இல்லை என்றால் பத்து நிமிடமும் ஆகும், மானமும் போகும். இயந்திரம் வேகமானதுதான். ஆனால் அந்த வேகம் முந்தின நாள் ராத்திரியே நம் வீட்டுக் கூடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒருநாள் விடிகாலை சென்னை விமானம். பெட்டியைப் படுக்க வைத்தேன், போர்டிங் பாஸைக் காட்டினேன், எடை வந்தது, பெட்டியை உள்ளே கொண்டுபோகும் பட்டை நகரவில்லை. பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னது. திருப்பினேன். மறுபடி அதே. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பச்சைச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒட்டியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார்.

"அங்கிள், இது போன தடவை ஒட்டினதா?"

"ஆமாம்மா. அதான் பயணம் முடிஞ்சு போச்சே."

"உங்களுக்கு முடிஞ்சு போச்சு. மெஷினுக்கு அது தெரியாதே, அது ரெண்டு நம்பரைப் பார்க்குது."

அவ்வளவுதான், பெட்டி உள்ளே போனது.

கைப்பிடியில் ஒட்டும் நீளமான அட்டையைத்தான் நாம் பிய்த்து எறிகிறோம். அதனோடு வரும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களை யாரும் கவனிப்பதில்லை. பெரிய அட்டை வழியில் கிழிந்துபோனால் பெட்டியை அடையாளம் காண்பதற்காகத்தான் அவற்றைப் பெட்டியின் உடம்பிலேயே ஒட்டுகிறார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பி விளக்கு வெளிச்சத்தில் என் பெட்டியைப் பார்த்தேன். பதினொரு ஸ்டிக்கர். கோயில் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று.

அதற்குப் பிறகுதான் அந்த அட்டையில் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மொத்தம் பத்து இலக்கம். முதல் இலக்கம் அட்டையின் வகை, சாதாரணமாக 0. அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618, ஏர் இந்தியா என்றால் 098, இந்தோனேசியாவின் கருடா என்றால் 126. கடைசி ஆறும் பெட்டியின் வரிசை எண். பெரிய எழுத்தில் இருப்பது இறங்கும் ஊர். சென்னைக்கு இன்னமும் மெட்ராஸ் காலத்து எம்ஏஏ தான். ஒட்டுவதற்கு முன் அந்த மூன்று எழுத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குழுவாகப் போகும்போது ஒரே இயந்திரத்தில் இரண்டு பேருக்கு அட்டை அடித்து, மாற்றி ஒட்டிய கதையும் எங்கள் பட்டறையில் உண்டு.

ஒட்டுவதிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். பெட்டியைப் படுக்க வைத்துவிட்டு ஒட்டாதீர்கள், நிற்க வைத்து ஒட்டுங்கள். அட்டையை முதலில் கைப்பிடிக்குள் நுழைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பின்தாளை உரிக்க வேண்டும். நான் முதலில் உரித்துவிட்டு நுழைக்கப் பார்ப்பேன். அது கைப்பிடியிலேயே சுருண்டு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பார்கோடு கசங்கும். இரண்டு முனையையும் ஓரம் சேர்த்து அழுத்தி, பார்கோடு வெளியே தெரிகிற மாதிரி விட வேண்டும். பக்கக் கைப்பிடியைவிட மேல்கைப்பிடி நல்லது, பெட்டி படுத்தபின் அட்டையும் மேலே பார்த்துக் கிடக்கும். அதில் கழன்று வரும் சின்னத் துண்டு ரசீது நம்முடையது. அதைக் கடப்பிதழின் (பாஸ்போர்ட்) பின்னட்டையில் ஒட்டிவைப்பது என் வழக்கம்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரத்துக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது என்று முன்பே சொன்னேன். முஸ்தபா கடையில் கைத்தராசு ஒன்று வாங்கினேன், கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பது. தொழில்புத்தி விடுமா? பட்டறையில் இருக்கும் 20 கிலோ எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தேன்; 300 கிராம் குறைத்துக் காட்டியது. அந்த வித்தியாசத்தை மார்க்கரில் தராசின் முதுகிலேயே எழுதிவைத்திருக்கிறேன். சென்னைப் பயணம் என்றால் பெட்டி கனப்பது கருவியால் இல்லை, கோடாலித் தைலத்தாலும் மைலோ பொட்டலத்தாலும்தான். அத்தைக்கு ஒரு டஜன், பக்கத்து வீட்டுக்கு அரை டஜன். இதற்குத்தான் கருவியைத் தனிப் பெட்டியில் வைப்பதையே வழக்கமாக்கினேன். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: எவ்வளவு எடைக்குக் காசு கட்டியிருந்தாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். தூக்குகிறவர்களின் முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது. கருவி தூக்கிப் பழகியவன், எனக்கு அதில் வருத்தமில்லை.

இன்னொரு தடவை இயந்திரம் சிரித்த முகமாகப் பெட்டியை வாங்கிக்கொண்டது, ரசீதும் வந்தது. காபி வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் கைப்பேசியில் அழைப்பு. பெட்டிக்குள் பவர் பேங்க். முழுக்க என் தப்பு. கேஜ் உறைக்குள் போட்டு மறந்திருந்தேன். உள்ளே போன பெட்டியை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள் என்று தெரியாதவனா நான்? போய்த் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வர இருபத்தைந்து நிமிடம். இயந்திரத்தில் மிச்சம் பிடித்த நேரம் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் போயிற்று. உதிரி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எதுவும் போடும் பெட்டியில் கூடாது. கையோடுதான், அதுவும் 100 வாட்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டது. இப்போது பெட்டி மூடும் முன் பேட்டரி உள்ளதையெல்லாம் மேசையில் வரிசையாக எடுத்துவைத்த பிறகுதான் ஜிப்பை இழுக்கிறேன்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். என் கடப்பிதழில் பெயருக்கு நடுவே 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன் என்பது) இருக்கிறது. இயந்திரம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத் தட்டினால் இல்லை என்கிறது, என் பெயரைத் தட்டினால் இல்லை என்கிறது. டிக்கெட்டில் அந்தச் சாய்கோட்டைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் பெயரையே தட்டுவதில்லை. முதல் நாளே கைப்பேசியில் செக்-இன் முடித்து, அதில் வரும் பார்கோடைக் காட்டுகிறேன், தொல்லை தீர்ந்தது.

பெட்டி போட்டபின் உள்ள பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கி, கடப்பிதழைக் காட்டாமலே முகத்தையும் கண்ணையும் காட்டிக் குடிநுழைவைக் கடக்கிறோம். நடக்கிற வேகத்தில் முடிந்துவிடுகிறது. அதற்காகக் கடப்பிதழை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

குறை என்னவென்றால், அடிக்கடி பறப்பவனுக்கு உரிய, பெட்டி முதலில் வரவேண்டும் என்று மாட்டும் முன்னுரிமை அட்டை. கவுண்டரில் கொடுத்தால் கேட்காமலே மாட்டிவிடுவார்கள். நான் போகும் ஒரு நிறுவனத்தில், இயந்திரத்தில் போட்டால் நாமே ஊழியரைத் தேடிப்பிடித்துக் கேட்டு மாட்ட வேண்டியிருக்கிறது. இங்கே மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்தை அங்கே பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கட்டுகிறோம். சில ஊர்களில் அந்த அட்டை மாட்டினாலும் பெட்டி கடைசியில்தான் வருகிறது என்பது வேறு விஷயம்.

ஒரு தடவை இடையில் விமானம் மாறும் பயணத்தில் பெட்டி வரவேயில்லை. எந்த நிறுவனம் என்று இங்கே வேண்டாம். பெட்டிக்குள் ஏர்டேக் போட்டிருந்தேன். மாறிய ஊரிலேயே அது உட்கார்ந்திருப்பதைக் கைப்பேசி காட்டியது, மேசையில் இருந்தவரோ "வழியில் இருக்கிறது" என்றார். அந்தத் துண்டு ரசீது அன்றைக்குத்தான் தங்கமாகத் தெரிந்தது. பெட்டி விமான நிறுவனத்தின் கைக்குப் போனதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார் எழுதி எண் வாங்கிவிட வேண்டும். விமானப் பயண இழப்பீடு பற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதம் என்றால் 7 நாளுக்குள், பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் பெட்டி எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாசலுக்கே வந்தது. அதில் தொங்கிய புது அட்டையின் எண் 2 என்று தொடங்கியது. தனியே பின்னால் அனுப்பும் பெட்டிக்கு அடிக்கும் அவசர அட்டை அது. கோபத்துக்கு நடுவிலும் அதைப் படிக்கத் தெரிந்ததில் ஒரு அல்ப சந்தோஷம்.

ஆஸ்திரேலியாவில் ஒரு வேலைக்காகச் சில மாதம் உள்ளூரிலேயே பறந்தபோது குவாண்டாஸின் கியூ பேக் டேக் வைத்திருந்தேன். வில்லை மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு, உள்ளே ரேடியோ சில்லு. பெட்டியில் மாட்டினால் மாட்டியதுதான். அச்சடிப்பதும் உரிப்பதும் ஒட்டுவதும் கிடையாது. பெட்டியைப் பட்டையில் வைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆனால் அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து எங்கே பறந்தாலும் வெளிநாடு, ஆகவே நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காகித அட்டையும் பசையும்தான்.

அந்தப் பசையைப் பற்றி ஒன்று. ஸ்டிக்கரை உரித்தபின் பெட்டியில் பிசுபிசுவென்று நிற்கும், அதில் அழுக்கு அப்பிக் கறுத்துவிடும். தின்னர் போட்டுத் துடைத்து ஒரு பெட்டியின் பளபளப்பையே கெடுத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பழைய துணியால் தேய்த்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும். சமையலறைப் பாட்டிலைத் தொட்டால் வீட்டில் திட்டு விழும், தலைக்கு வைக்கிற எண்ணெயே போதும்.