காசு கேட்காத வக்கீல்: மாவட்டச் சட்ட உதவி மையம் எப்படி?

இந்தச் சேவைக்கு விலை கிடையாது. கொங்குப் பக்கம் ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில், கேன்டீனைத் தாண்டிப் போனால் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அங்கே எங்களுக்கு உண்மையாக உழைத்தவர்களும் இருக்கிறார்கள்.

என் தங்கச்சி மாப்பிள்ளை தறிப்பட்டறையில் ஃபிட்டர். 34 வயது. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, சேலம்–கோவை நெடுஞ்சாலையில் பாதி ரோட்டை அடைத்து நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அங்கேயே போய்விட்டார். லாரியின் பின்விளக்கு எரியவில்லை. எச்சரிக்கை முக்கோணம் வைக்கவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். ஆனால் எஃப்.ஐ.ஆரைப் படித்தால், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியவர் மாப்பிள்ளை! குற்றவாளியும் அவரே, இறந்தவரும் அவரே என்று ஃபைலை மூடிவிட்டார்கள். நின்ற லாரியில் மோதிச் செத்தவர்களின் குடும்பங்களை அப்புறம் நீதிமன்றத்தில் நிறையப் பார்த்தேன். எல்லோர் கையிலும் கிட்டத்தட்ட இதே வாசகத்தோடு ஒரு எஃப்.ஐ.ஆர்.

அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலிலேயே ஒரு வக்கீல் ஆபீஸ் ஆள் கார்டோடு நின்றார். வரும் பணத்தில் 25 பர்சன்ட், இப்போது ஒரு பைசா வேண்டாம், வெற்று வக்காலத்தில் கையெழுத்து மட்டும் போதும் என்றார். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதோ, வரும் பணத்தில் பங்கு கேட்பதோ கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அது எனக்கு அன்று தெரியாது. ஆனாலும் வெற்றுத்தாளில் கையெழுத்து என்றதும் தங்கச்சி கையை இழுத்துக்கொண்டாள். இன்னொரு வக்கீல் டவுனில் பெரிய ஆபீஸ் வைத்திருப்பவர். "எஃப்.ஐ.ஆர். உங்க ஆள் மேலேயே இருக்குதுங்க, கேஸ் நிக்காது. அஞ்சு லட்சம் வாங்கித் தர்றேன்" என்றார்.

அந்த அஞ்சு லட்சம் அவர் வாங்கித் தருவது இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, யார் மேல் தப்பு என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம் தரச் சொல்கிறது. தப்பை நிரூபித்து முழு இழப்பீடு கேட்பது 166-ஆவது பிரிவு. இரண்டில் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதை எனக்குச் சொன்னது சட்ட உதவி மையத்தில் எங்களுக்கு வாய்த்த வக்கீல் மேடம்.

ஒரேயடியாக வாய்க்கவில்லை. மையத்தில் மனு எழுதிக் கொடுப்பது சுலபம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வந்தால் வருமானச் சான்று கூடக் கேட்கக் கூடாது. தங்கச்சியின் ஆதாரும் கணவரின் இறப்புச் சான்றும் போதுமாக இருந்தன. ஆனால் முதலில் ஒதுக்கிய வக்கீல் போனை எடுக்கவே இல்லை. எடுத்தபோதும், "ஆர்டர் காப்பி வரலிங்க" என்று வைத்துவிட்டார். இலவசம்தானே, இப்படித்தான் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அங்கேயே இருந்த கிளார்க் அம்மாதான் வழி காட்டினார். "செயலாளர்கிட்ட மாத்திக் கேளுங்க சார், அவங்க ஜட்ஜுதான்." கேட்டோம். மாற்றிக் கொடுத்தார்கள். இது நடக்கும் என்று எந்த போர்டிலும் எழுதி வைக்கவில்லை.

மேடம் வந்த பிறகு வேலை வேறு மாதிரி ஆனது. அவர் முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆர். இல்லை, மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட். லாரியின் பின்விளக்கு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பற்றி அதில்தான் இருக்கும் என்றார். விபத்து வழக்கு ஆவணங்களைக் காவல்துறை இணையதளத்திலேயே பணம் கட்டி எடுக்கலாம். எடுத்தோம். பின்விளக்கு வேலை செய்யவில்லை என்று இரண்டே வரி, பக்கத்தின் அடியில். அந்த இரண்டு வரியையும், ஆம்புலன்ஸ் வரும் முன் ரோட்டோரக் கடைக்காரர் எடுத்த போட்டோவையும் வைத்து 166-இல் மனு போட்டார். ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுப்போவது 122-ஆவது பிரிவின்படியே தப்பு. எஃப்.ஐ.ஆர். என்பது முதலில் கிடைத்த தகவல், அவ்வளவுதான். விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எப்படி நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

மனு போட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகளும் போனதாம். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல் மேடம் சீக்கிரம் போட்டுவிட்டார். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தங்கச்சிக்கு இது பெரிய நிம்மதி. கைக்குழந்தையோடு எத்தனை பஸ் மாறுவாள்?

சம்பளச் சான்றுதான் பெரிய தலைவலி. பட்டறை முதலாளி நல்ல மனிதர், சாவுக்கு வந்து அழுதவர். ஆனால் லெட்டர்பேடில் சம்பளத்தை எழுதிக் கேட்டதும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பயம் வந்துவிட்டது. கடைசியில் வாரச் சம்பள நோட்டும், நடுநடுவே ஜிபேயில் அனுப்பிய தொகைகள் தெரியும் பாஸ்புக் பக்கங்களும் உதவின. மாதம் 18,000 போல வந்துகொண்டிருந்தது என்று காட்ட முடிந்தது. பைக் இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கும் என்பதையும் மேடம் சரி பார்த்தார். பைக் மாப்பிள்ளையின் அண்ணன் பெயரில் இருந்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் யார் வண்டி யார் பெயரில் ஓடுகிறது என்று இன்றைக்கே ஆர்.சி.யைப் பாருங்கள்.

இனி கணக்கு. இரு தரப்பும் பேசி வழக்கை முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போவதற்கு முன் மேடம் ஒரு ஸ்கூல் நோட்டில் போட்டுக் காட்டியது இது. இந்த மையத்துக்கு நான் கொடுக்கும் நட்சத்திரங்களில் பாதி இந்த நோட்டுக்குத்தான். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறை. மாத வருமானத்தோடு, சொந்தத் தொழிலோ நிரந்தரமில்லாத சம்பளமோ உள்ள 40 வயதுக்குக் கீழானவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். அவரை நம்பி நாலு முதல் ஆறு பேர் இருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும். இங்கே தங்கச்சி, இரண்டு குழந்தைகள், அவருடைய அம்மா என்று நாலு பேர். மீதியை வருடக் கணக்காக்கி, வயதுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை அது 16. வருமானம் 15,000 என்று எடுத்தாலே 30,24,000 வருகிறது. துணையை, தகப்பனை, மகனை இழந்ததற்கு ஆளுக்குக் கொஞ்சம், ஈமச்செலவு, இன்னபிற சேர்த்தால் 32 லட்சத்துக்கு மேல்.

தேசிய மக்கள் நீதிமன்றம் வருடத்துக்கு நாலு தடவை போல, சனிக்கிழமையில் நடக்கும். கோர்ட் வளாகம் அன்று சந்தை மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நீதிபதி, பக்கத்தில் ஒரு வக்கீல், எதிரே இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஃபைல் கட்டோடு. எங்கள் முறை வந்ததும் அவர் ஃபைலைத் திறக்காமலே, "எஃப்.ஐ.ஆர். எதிரா இருக்குங்களே, மனிதாபிமானத்துல எட்டு" என்றார். மேடம் ஆய்வாளர் ரிப்போர்ட்டை நீட்டினார். பதினாலு ஆனது. ஹெல்மெட் போடவில்லை என்று அவர் ஆரம்பித்தார். போட்டோவில் உடைந்த ஹெல்மெட் கிடப்பது தெரிந்தது. நீதிபதி பொறுமையாக இருந்தார். ஒரு கட்டத்தில் என்னையும் பார்த்து, "நின்ன வண்டியில இடிச்சதுக்கு உங்க பக்கமும் கொஞ்சம் போகும், 30 சதவீதம்னு வச்சுக்கலாமா?" என்றார். நோட்டுக் கணக்கில் 70 சதவீதம் என்றால் 22 லட்சத்து 77 ஆயிரம் சொச்சம். 23 லட்சத்துக்கு முடிந்தது.

இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தீர்ப்பாயத்தில் தொடர்ந்து போராடினால் வழக்குப் போட்ட நாளிலிருந்து வட்டி சேர்ந்திருக்கும். மக்கள் நீதிமன்றத்தில் ஒரே தொகையாகப் பேசும்போது அந்த வட்டிதான் முதலில் கரைகிறது. அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. பிடிக்காவிட்டால் போடாமல் எழுந்து வரலாம், வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்கே போகும், நஷ்டம் ஒன்றும் இல்லை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவருக்கு இது தெரியவில்லை. சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுதார். அவருக்கு யாரும் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. தங்கச்சி கேட்டாள், "அண்ணா, இன்னும் எத்தனை வருஷம் இங்க வர்றது?" அதற்கு மேல் நான் பேசவில்லை.

குழந்தைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை வங்கியில் டெபாசிட். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கச்சி எடுத்துக்கொள்ளலாம். மாமியாரின் பங்கு அவர் கணக்குக்கே தனியாகப் போனது. இதைப் பற்றி வீட்டில் சண்டை வரும் என்று பயந்தேன், வரவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைகிற ஒன்று அந்த முதல் வக்கீலுக்கு. யார் வாய்ப்பார் என்பது அதிர்ஷ்டத்தில் இருக்கும் வரை ஐந்து தர முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. சாலை விபத்து என்றால் அங்கே எல்லோருக்கும் கை பழகிய வேலை. மற்ற சாவுகளுக்கு அப்படி இல்லை. அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து மகனை இழந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரி அலட்சியத்தில் மனைவியை இழந்த ஒரு வாத்தியார், இருவரையும் அந்த வராந்தாவில் பார்த்தேன். அலட்சியத்தால் உயிர் போனால் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1855-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வருடக் கெடு. ஆஸ்பத்திரி விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டுபோகலாம், அதற்கும் இரண்டு வருடம்தான். வாத்தியாரை மேசை மேசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாத கேஸுக்கு அரசுத் திட்டத்தில் 2 லட்சம் இருக்கிறது, 2022-க்கு முன்னால் அது 25,000 மட்டும்தான். அதற்கு விண்ணப்பம் தீர்ப்பாயத்தில் இல்லை, வருவாய்த்துறை பக்கம். இதையும் யாராவது வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் வாரிசுச் சான்றுக்கு முதலிலேயே இ-சேவையில் பதிந்துவிடுங்கள், அதுதான் இழுக்கும். திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், கூட்டம் படி வரை நிற்கும். நேரில் போக முடியாதவர்களுக்கு 15100 என்ற எண் இருக்கிறது. மதியத்துக்கு மேல் அடித்தால் எடுக்கிறார்கள்.