ஓப்பன் டிடிடி விக்கி: கையேடு சிறப்பு, பக்கங்களின் மேல் பதிப்பெண் வேண்டும்

ஓப்பன் டிடிடி விளையாட்டில் ரயில்பாதை போடுவது எளிது. போட்ட பாதையில் பல ரயில்களை ஒன்றையொன்று மறிக்காமல் ஓடவிடுவதுதான் கடினம். கிறிஸ் சாயர் 1990களில் உருவாக்கிய ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸை அடிப்படையாகக் கொண்டு 2004இல் வெளிவந்த இந்தத் திறமூல விளையாட்டில், இணையம் வழியாக ஒரே வரைபடத்தில் 15 போக்குவரத்து நிறுவனங்கள் வரை போட்டியிடலாம். பலர் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து கட்டவும் செய்யலாம். இத்தனை விரிந்த ஆட்டத்திற்கு உள்ளேயே கிடைக்கும் விளக்கங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது ரசிகர்களும் உருவாக்குநர்களும் சேர்ந்து எழுதிவரும் விக்கிதான். அதை வாசகராக மட்டுமன்றி, திருத்தம் செய்ய நினைப்பவரின் கண்ணோடும் பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்த விக்கியின் மிகப்பெரிய பலம், விளையாட்டின் உட்கணக்கை மறைக்காமல் எடுத்துவைப்பது. நிலைய மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் உற்பத்தியில் எவ்வளவு பங்கு நம் நிலையத்திற்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் விழுக்காடு அது. கடைசியாகச் சரக்கு ஏற்றி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு அதிகபட்சம் 51, கடைசியாக வந்த வண்டியின் வேகத்திற்கு 17, தேங்கிய சரக்கு குறைவாக இருப்பதற்கு 16, வண்டி புதிதாக இருப்பதற்கு 13, ஊரில் நம் நிறுவனத்தின் சிலை இருந்தால் 10 என்று அந்த விழுக்காடு சேர்கிறது. காத்திருக்கும் சரக்கு 1500 அலகைத் தாண்டிவிட்டால் 35 விழுக்காடு கழிகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தவர், வருமானம் குறைந்தவுடன் விலையுயர்ந்த இன்ஜின் வாங்க ஓடமாட்டார். முழுச் சுமை ஏறும்வரை காத்திருக்கும்படி ஒரு ரயிலை எப்போதும் நடைமேடையில் நிறுத்திவைப்பார். ஏனெனில் ஏற்றுதல் நடந்துகொண்டிருக்கும்வரை அந்த 51 முழுமையாகக் கைக்கு வருகிறது, வேகத்திற்குக் கிடைப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். அனுபவத்தால் மட்டும் இதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு நெடுங்காலம் ஆகும். விக்கியில் இது ஒரு பக்கத்தின் ஒரு பகுதி.

சிக்னல் பக்கங்களும், சந்திப்பு வடிவங்களைப் படங்களுடன் தொகுத்துத் தரும் ஜங்ஷனரியும் இதே தரத்தவை. ஜங்ஷனரியில் ஒவ்வொரு சந்திப்பையும் பார்த்து அப்படியே கட்டிவிட முடிவது பெரிய வசதி. எந்தத் திசையில் வரும் ரயில் எங்கே நிற்க நேரிடும் என்று படத்தின் மேல் விரலை ஓட்டியே சரிபார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் பராமரிப்பின் சிக்கலும் சிக்னல் பக்கங்களிலிருந்தே தொடங்குகிறது. பழைய பிளாக் சிக்னல் முறையில் ஒரு தொகுதிக்குள், அதாவது சிக்னல்களுக்கு இடைப்பட்ட பாதைக்குள், ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் நுழையலாம். அதனால் பல நடைமேடை கொண்ட நிலையத்திற்கு உள்ளே காலி நடைமேடை உண்டா என்று பார்த்தே ரயிலை விடும் ப்ரீ-சிக்னல்களை நுழைவு, வெளியேற்றம் எனத் தனித்தனியாக வைக்க வேண்டியிருந்தது. 2009இல் 0.7 பதிப்புடன் பாத் சிக்னல் வந்தபின், ரயில் தான் செல்லப்போகும் தடத்தை மட்டும் முன்பதிவு செய்துகொள்கிறது. தடங்கள் குறுக்கிடாவிட்டால் இரண்டு ரயில்கள் ஒரே தொகுதியில் செல்லலாம். பிந்தைய பதிப்புகளில் சிக்னல் சாளரமே இயல்பாகப் பாத் சிக்னல்களை மட்டும் காட்டுகிறது. ஆகவே, ப்ரீ-சிக்னலை விரிவாக விளக்கும் பழைய பத்தி ஒன்றைப் படித்துவிட்டு விளையாட்டைத் திறக்கும் புதியவர், அங்கே சொல்லப்பட்ட பொத்தானையே காணாமல் திகைப்பார். பத்தியில் எழுதியிருப்பது பொய் அன்று. அது எந்தக் காலத்து உண்மை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இணைய ஆட்டத்திற்கும் இதே நிலைதான். 2021இல் வந்த 12.0 பதிப்புக்கு முன்பு, வீட்டிலிருந்து சர்வர் நடத்துபவர் மற்றவர்கள் வந்து இணைவதற்காக ரவுட்டரில் 3979 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறந்துவிட வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பில், சர்வரில் சேர மற்றவர்களுக்குக் கொடுக்கும் அழைப்புக் குறியீடு வந்ததும் பெரும்பாலோருக்கு அந்த வேலை மிச்சமாயிற்று. கடவுச்சொற்களும் பொது அமைப்புக் கோப்பிலிருந்து பிரிந்து தனிக் கோப்புக்குப் போயின. 2024இல் வந்த 14.0 பதிப்போ காலக் கணக்கையே மாற்றி அமைக்க வழிசெய்தது: விரும்பினால் விளையாட்டின் பொருளாதார மாதம் ஒன்றை நிஜ உலகின் ஒரு நிமிடமாக வைத்துக்கொண்டு, நாட்காட்டியைத் தனியே மெதுவாக ஓடவிடலாம், நிறுத்தியும் வைக்கலாம். ‘இத்தனை நாளில்’ என்று கணக்குச் சொல்லும் ஒவ்வொரு பத்தியையும் மறுபடி பார்க்கவைக்கும் மாற்றம் இது. இத்தகைய வேலையை யாரும் பாராட்டுவதில்லை, ஆனால் விக்கி நம்பகமாக இருப்பது இந்த வேலையால்தான்.

பராமரிப்பதற்கான ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 2020இல் இந்த விக்கி விக்கிப்பீடியாவும் பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளை விட்டு, இதற்கென்றே எழுதப்பட்ட ட்ரூவிக்கி என்ற மென்பொருளுக்கு மாறியது. பக்கங்கள் எல்லாம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் மாற்ற வரலாற்றோடு முழு விக்கியையும் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். விளம்பர வருமானத்தை நம்பிய பெருந்தளங்களில் தங்கிய ரசிகர் விக்கிகள் பட்ட பாட்டை நினைத்தால் இதன் அருமை புரியும். ரூன்ஸ்கேப் விக்கி 2018இலும் மைன்கிராஃப்ட் விக்கி 2023இலும் ஃபேண்டம் என்ற அத்தகைய பெருந்தளத்தை விட்டு வெளியேறியபோது, பழைய பிரதிகள் அங்கேயே நின்றுவிட்டன. தொகுப்பாளர்கள் தாங்கள் எழுதிய பக்கங்களோடு தாங்களே போட்டியிட வேண்டியதாயிற்று. ஓப்பன் டிடிடி விக்கி திட்டத்தின் சொந்த முகவரியிலேயே இருப்பதால் அந்த இக்கட்டு இதற்கு நேராது.

இழப்பும் உண்டு. மீடியாவிக்கியில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓர் உரையாடல் பக்கம் இருக்கும். ‘இந்த எண் சரியா’ என்று அங்கேயே கேட்டுவிடலாம். இங்கே அது இல்லை. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த விரும்பும் வாசகரும் வெளிக் கணக்கொன்றின் வழியாக நுழைய வேண்டும். கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் பழகிய நிரலாளருக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் ரயில்களின் மேல் உள்ள ஆசையால் மட்டும் வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடக்கூடும், நல்ல திருத்தங்களில் பலவும் அப்படிப்பட்டவர்களிடமிருந்தே வருகின்றன.

புதிதாக விளையாடுபவர் முதலில் சிக்னல் பக்கத்தையும் அடுத்து நிலைய மதிப்பீட்டையும் படித்தால் போதும். ஜங்ஷனரியை இரண்டாவது வழித்தடம் போடும்போது திறந்துகொள்ளலாம். எந்தப் பத்தியைப் படித்தாலும் அதிலுள்ள பொத்தான்கள் தம் பதிப்பில் இருக்கின்றனவா என்று உடனே பார்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், அந்தப் பத்தியின் தலையில் ‘இன்ன பதிப்பு வரை’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். முழுப் பக்கத்தையும் திருத்தி எழுத நேரம் இல்லாதவரும் செய்யக்கூடிய உதவி அது. விளையாட்டுக்குத் தமிழ் மொழிக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. கையேட்டையும் தமிழில் தர யாரேனும் முன்வந்தால், வரலாறு, வண்டிப் பட்டியல் ஆகியவற்றை ஒதுக்கிவைத்து, பாத் சிக்னல் பக்கத்தை முதலில் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.