மாகும்புர – காலி ஹைவே பஸ்: ஒரு வெள்ளவத்தைக்காரியின் கணக்கு

மகன் ஹப்புகலையில், ருஹுணு பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அதனால் காலிக்குப் போவது எங்கள் வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து போக மூன்று வழி இருக்கிறது: காலி வீதியால் போகும் பஸ், கரையோர ரயில், கொட்டாவைப் பக்கத்து மாகும்புரவில் ஏறி தெற்கு அதிவேக நெடுஞ்சாலையால் போகிற ஹைவே பஸ். மூன்றிலும் போய்ப் பார்த்தவள் என்பதால் மூன்றாவதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஏசி பஸ். ஒருவரையும் நிற்க வைத்து ஏற்றமாட்டார்கள். சீட் நிறைந்ததும் எடுத்துவிடுவார்கள், காலையில் அதற்கு அதிக நேரம் ஆகாது. டோல் கேட் தாண்டியதும் ஹோர்ன் சத்தம் நின்றுவிடும். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த ரோட்டில் அனுமதியே இல்லை. கஹதுடுவ, கெலனிகம, தொடங்கொட, வெலிப்பன்ன என்று பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். வெளியே வயலும் இறப்பர் தோட்டமும். பின்னதூவயில் ஹைவேயை விட்டு வெளியேறி காலி பஸ் நிலையத்துக்கு, கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். இடுப்பு நோகாமல் இறங்கலாம். இந்தப் பகுதிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஆனால் மாகும்புர வெள்ளவத்தையில் இல்லையே. வீட்டிலிருந்து 141 பஸ்ஸில் கிருலப்பனை, அங்கே 138 பிடித்து நுகேகொடை, தெல்கந்த, விஜேராம, மஹரகம, பன்னிப்பிட்டிய என்று ஹைலெவல் வீதி முழுக்க ஊர வேண்டும். வெள்ளி பின்னேரம் கையில் பையோடு 138இல் நின்றிருக்கிறீர்களா? மாகும்புரவிலிருந்து காலிக்குப் போகிற நேரம் மாகும்புரவுக்குப் போகவே சரியாகிவிடும். ஓட்டோ பிடித்தால் பஸ் டிக்கெட்டை விட அதற்குத்தான் கூடக் காசு. களனிவெளி ரயில் இருக்கிறது, மாகும்புரவிலேயே நிற்கும், ஆனால் அது எங்கள் பக்கமாக வருவதில்லை, ஓடுகிற நேரங்களும் குறைவு.

"இந்த ஹைவேயைக் கடற்கரையோடு போட்டிருந்தால் தெஹிவளையில் ஏறலாமே" என்பார் என் கணவர். எங்கே போடுவது? ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல், இங்கால் காலி வீதியை நெருக்கிக்கொண்டு கடையும் வீடும் பள்ளிவாசலும் பன்சலையும். அதனால்தான் ஆட்கள் குறைவான உட்பகுதியைத் தேடிப் போனார்கள். அங்கேயும் சும்மா போட விடவில்லை. எங்கள் மாடியில் கீழ்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஐயாவிடம் இந்தக் கதையைத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். ஹைவே போகும் பாதை என்று வீதி அபிவிருத்தி அதிகார சபை முதலில் வரைபடத்தில் கீறியது ஒரு கோடு. வெரஸ் கங்கைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களைத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனை போட, கோடு நகர்ந்தது. நகர்ந்த கோடு பண்டாரகம, அக்மீமன பக்கங்களில் வேறு ஆட்களின் காணிக்கு மேலே விழுந்தது. பழைய கோட்டில் தங்கள் காணி இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கோட்டை மாற்றுமுன் அவர்கள் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். ரோட்டை நகர்த்தவில்லை. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்தார்கள். "பிள்ளை, சதுப்பும் வேணும், வீடும் வேணும், ரோட்டும் வேணும் எண்டா கோடு எங்கால போறது?" என்பார் ஐயா. பண்டாரகமப் பக்கம் பஸ் போகும்போது திரைச்சீலையை விலக்கி அந்தக் கோடு எங்கே திரும்பியது என்று தேடுவேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் பிடிபடாது.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். ஒரு மனக்குறை இருக்கிறது. வடை, மிளகாய்த்தூள், அரிசிமா என்று நிறைத்த என் பையை மடியில் வைத்திருந்தும், இன்னொரு சீட்டுக்குக் காசு கேட்டார் ஒரு கொண்டக்டர். எந்த பஸ் என்று சொல்லவில்லை. மற்ற பஸ்களில் அதே பையைப் பேசாமல் பின்னால் வைத்துவிடுவார்கள். ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏறிய பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை.

ரயிலோடு ஒப்பிட்டால்? ரயில் மலிவு. போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் முழுக்க உங்களுக்கு. ஆனால் பின்னேர ரயிலில் பாணந்துறை, களுத்துறைக் கூட்டம் இறங்கும்வரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அப்புறம், அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரேலிய வரும். 2004 சுனாமியில் ரயிலோடு அத்தனை பேர் போன இடம். என் அம்மா இன்றுவரை அந்தப் பாதையால் வரமாட்டார். காலி வீதி பஸ் அளுத்கம, பேருவளையில் வேலை இருப்பவர்களுக்குச் சரி, காலி வரை அதில் போவது பொறுமைசாலிகளுக்கு.

மஹரகம, ஹோமாகம, நுகேகொடைக்காரர் யோசிக்கவே வேண்டாம், ஹைவே பஸ்தான். வெள்ளவத்தை, தெஹிவளை ஆட்களுக்கு நான் மொத்தமாக மூன்றரைதான் கொடுப்பேன்: வார நாட்களில் விடியவே வெளிக்கிட்டால் ஹைவே, வெள்ளி பின்னேரம் என்றால் ரயில். ஞாயிறு திரும்புவதானால் மத்தியானத்தோடு காலி பஸ் நிலையத்தில் நில்லுங்கள். நாலு மணிக்குப் பிறகு, அதுவும் போயா சேர்ந்த விடுமுறை என்றால், வரிசை வெயிலுக்குள் நீண்டு நிற்கும்.