எச் இன்டெக்ஸ்: பல ஆண்டுகள் பழகிய பிறகு

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கப் போகும் நண்பர் ஒருவர், "உங்கள் எச் இன்டெக்ஸ் எவ்வளவு? அதை நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு எடுத்தாளப்படுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவுகோல் அது. முதல் கேள்விக்குப் பதில் சொல்வதாக இல்லை. இரண்டாவதற்கு இரண்டு வரி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறி இவ்வளவு நீண்டுவிட்டது.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலா இருபது மேற்கோளாவது (வேறு கட்டுரைகள் அதைச் சுட்டுவது) பெற்ற கட்டுரைகள் இருபது இருந்தால் எச் 20. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது. ஒரே கட்டுரையின் புகழில் ஆயுள் முழுக்கக் குளிர்காய்பவரும் இதில் உயர முடியாது. யாரும் படிக்காத கட்டுரைகளை எழுதிக் குவிப்பவரும் உயர முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் மறுக்கவில்லை. கட்டுரை எந்த இதழில் வந்ததோ அந்த இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை) எடுத்து ஆளின் நெற்றியில் ஒட்டும் வழக்கத்தை விட இது எவ்வளவோ மேல்.

என் எரிச்சல் வேறு. ஒரு கட்டுரையை எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த எண் கண்டுகொள்வதே இல்லை.

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் துகள் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் ஆய்வுக்கு ஒன்பது, பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் 24. அந்தக் கட்டுரையை யாராவது ஒருமுறை மேற்கோள் காட்டினால் 5,154 பேரின் கணக்கிலும் ஆளுக்கு ஒன்று முழுதாக ஏறும். அவர்கள் மேல் குற்றமில்லை. உணர்கருவியைக் கட்டியவர்களின் பெயர் வரத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துகளுக்குத் தன் பெயரைத் தந்த பீட்டர் ஹிக்ஸ், நோபல் பரிசு பெற்ற 2013ஆம் ஆண்டில், இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைக்காது, போதிய அளவு எழுதுபவராகத் தன்னைக் கருதமாட்டார்கள் என்று சொன்னார். 1964க்குப் பிறகு அவர் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு.

பூனைக்கும் இதில் இடமுண்டு. 1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் ஒரு கட்டுரையைத் தனியாக எழுதி முடித்தார். ஆனால் வரிக்கு வரி 'நாங்கள்' என்று எழுதியிருந்தார். தனி ஆசிரியர் அப்படி எழுதினால் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ் ஏற்காது என்று சக ஆய்வாளர் எச்சரித்தார். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாத ஹெதரிங்டன், தன் சயாமியப் பூனைக்கு எஃப். டி. சி. வில்லார்ட் என்று பெயர் சூட்டி இணையாசிரியர் ஆக்கிவிட்டார். கட்டுரை வெளியானது. எச் இன்டெக்ஸ் முறைப்படி அதன் மேற்கோள்களில் எஜமானருக்கும் பூனைக்கும் சம உரிமை.

மேற்கோள் வரிசையில் என் பட்டியலின் உச்சியில் இருப்பது ஒரு பெரிய கூட்டாய்வு. அதில் நான் செய்தது தரவைச் சுத்தம் செய்ததும் இரண்டு படங்கள் வரைந்ததும்தான். இருவர் மட்டும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டி எழுதிய கட்டுரையோ, என் எச் எண்ணை எட்டும் அளவு மேற்கோள் சேராமல், எச் கோட்டுக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது, அதாவது கணக்கிலேயே இல்லை. தேர்வுக்குழுவின் முன்னால் என் உழைப்பாக நிற்பது முதலாவது.

மேற்கோளை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடலாமே என்பார்கள். வகுத்தால், மாணவரின் பெயரைச் சேர்க்கும் முன் வழிகாட்டி இருமுறை யோசிப்பார். பங்கு குறையும் அல்லவா? ஹிர்ஷே 2010இல் இணையாசிரியர்களைக் கணக்கில் கொள்ளும் இன்னொரு குறியீட்டை முன்வைத்தார். இதுவரை எந்த விண்ணப்பப் படிவமும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யார் கருத்துருவாக்கினார், யார் மென்பொருள் எழுதினார் என்று பங்களிப்பைப் 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் முறை இருக்கிறது. நேர்மையான முறை, பல இதழ்கள் கேட்கவும் செய்கின்றன. ஆனால் அதைக் கூட்டி ஓர் எண் ஆக்க முடியாது. எண் ஆகாததைக் குழுக்கள் படிப்பதில்லை.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. எந்தத் தரவுத்தளத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். கோட்டுக்குக் கீழே காத்திருக்கும் கட்டுரை எது என்பது சம்பந்தப்பட்டவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த கட்டுரையில் அதைத் தானே மேற்கோள் காட்ட யாருக்குத்தான் கை அரிக்காது? போதாக்குறைக்கு, கண்டித்து மேற்கோள் காட்டினாலும் ஒன்றுதான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு வந்த மேற்கோள்களில் பெரும்பாலானவை மறுப்பதற்காகவே எழுதப்பட்டவை. கூட்டலில் எல்லாம் ஒரே நிறம்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதை விடாததற்குக் காரணம், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பட்டியல். யார் நம்மை மேற்கோள் காட்டினார் என்று மின்னஞ்சல் வரும்போதெல்லாம் திறந்து படிக்கிறேன். நான் வேறெதற்கோ எழுதிய ஒரு புள்ளியியல் முறையைப் பறவைகளின் வலசையை ஆராய்பவர் ஒருவர் எடுத்தாண்டிருந்தார், என்னை விடத் திறமையாக. அவருக்கு எழுதினேன். இப்போது நாங்கள் இணையாசிரியர்கள். அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் இன்னும் அதிகம் சேரவில்லை, என் எச்சும் அசையவில்லை. ஆனால் என் வேலையில் வந்த மிகப் பெரிய திருப்பம் அதுதான், அதைக் காட்டிக்கொடுத்ததும் இந்தப் பட்டியல்தான். இதற்காக மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: நம்பாதீர்கள். உருவாக்கிய ஹிர்ஷே 2020இல், இது படுமோசமாகத் தவறக்கூடும், எதிர்பாராத தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று எழுதிவிட்டார். படிவத்தில் கட்டம் இருந்தால் நிரப்புங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதன் கீழே ஐந்து கட்டுரைகளைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் கை செய்தது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். குழு அதைப் படிக்குமா என்றால், மேலே உள்ள எண்ணோடு நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு. இன்றைய மனநிலைக்கு அதுவே தாராளம்.